தந்தை செல்வா: நடுங்கிய கையும் நடுங்காத சித்தமும்

நமது தோட்டங்களில் வயது சென்ற ஒருவருக்குக் கை நடுங்கத் தொடங்கிவிட்டால், வீட்டார் அதற்கு ஆளுக்கொரு காரணம் கூறுவர். முதுமை என்பர் சிலர். பனியிலும் மழையிலும் வேலை செய்த உடம்பு என்பர் வேறு சிலர். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று குறி பார்க்கப் புறப்படுவோரும் உண்டு. நடை குறுகி, முகம் உணர்ச்சியற்றுப் போய், குரலும் அடங்கிவிட்டால், அவருக்குப் புத்தியே மழுங்கிவிட்டது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறோம். அதன்பின் குடும்பக் காரியங்களில் அவருடைய யோசனையை எவரும் கேட்பதில்லை. லயத்து வாசலில் சாக்கு விரித்து அவரை உட்கார வைத்துவிட்டு, நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

இதே நோயைப் பல்லாண்டு காலம் உடம்பிற் சுமந்துகொண்டு ஓர் அரசியற் கட்சியை வழிநடத்தியவர் ஒருவர் நம் நாட்டில் வாழ்ந்தார். தமது 76ஆவது வயதில், கை நடுங்க, காது மந்தமாக, அருகில் இருப்போர் மாத்திரமே கேட்கத்தக்க மெல்லிய குரலுடன் அவர் ஓர் இடைத்தேர்தலிற் போட்டியிட்டு, 25,927 வாக்குகள் பெற்று வென்றார். அவரே தந்தை செல்வா என்று தமிழ் மக்கள் அழைத்த சாமுவேல் ஜேம்ஸ் வேலுப்பிள்ளை செல்வநாயகம் அவர்கள். சப்பிரகமுவத் தோட்டங்களில் வாழும் நமக்கு அவரை நினைக்க இன்னுமொரு காரணமும் உண்டு. அவர் தம் அரசியல் வாழ்வின் தொடக்கத்திலேயே ஒரு பெரிய இழப்பை ஏற்றது நமது பாட்டன் பாட்டிமாரின் வாக்குரிமைக்காகவே.

மலாயாவிற் பிறந்த பிள்ளை

செல்வநாயகம் 1898ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் திகதி மலாயாவின் ஈப்போ நகரிற் பிறந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து பிழைப்புத் தேடிக் கடல் கடந்த குடும்பங்களுள் அவருடையதும் ஒன்று. பிள்ளைகளின் கல்வியை முன்னிட்டு, அவர் சிறு குழந்தையாக இருக்கும்போதே தாயார் அவரையும் உடன்பிறந்தாரையும் அழைத்துக்கொண்டு தெல்லிப்பழைக்குத் திரும்பினார். அங்கு அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய பாடசாலையிலும், பின்னர் யாழ்ப்பாணம் பரி. யோவான் கல்லூரியிலும், கொழும்பு பரி. தோமாவின் கல்லூரியிலும் பயின்றார். இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி மாணவராக 1918இல் விஞ்ஞானப் பட்டதாரியானார்.

சில காலம் கொழும்பிலே விஞ்ஞான ஆசிரியராகப் பணி புரிந்தார். மாலையில் சட்ட நூல்களைப் படித்துச் சட்டத்தரணியானார். சிவில் வழக்குகளில் நாட்டின் முன்னணிச் சட்டத்தரணிகளுள் ஒருவரெனப் பெயர் பெற்றார். காணி, உறுதி, கணக்கு என்று நுணுக்கமாகப் பார்க்க வேண்டிய வழக்குகளே அவருக்கு உரியவை. மேடையில் முழங்கும் ஆற்றல் அவருக்கு இளமையிலும் இருந்ததில்லை. 1927இல் எமிலி கிறேஸ் அம்மையாரை மணந்தார். நான்கு ஆண் மக்களும் ஒரு பெண்ணும் பிறந்தனர். புரட்டஸ்தாந்து கிறிஸ்தவராகப் பிறந்து, கடைசி வரை கிறிஸ்தவராகவே வாழ்ந்தார். சைவப் பெரும்பான்மையினரான வட பகுதி மக்கள் அவரைத் தந்தை என்று அழைத்தது அவருடைய நேர்மைக்காக.

1948இல் எடுத்த முடிவு

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசின் சார்பிற் காங்கேசன்துறைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றார். அதே தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசைச் சேர்ந்த ஏழு பேரை மலையக மக்கள் தெரிவு செய்திருந்தனர். மறு ஆண்டிலேயே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. நாட்டிற் பிறந்தால் மாத்திரம் போதாது, தந்தையாவது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமாவது இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது சட்டம். லயத்திற் பிறந்து, லயத்தில் வளர்ந்து, லயத்திலேயே மடிந்த தகப்பனுக்குப் பிறப்புப் பத்திரம் எங்கிருந்து வரும்? ஏறத்தாழ 7 இலட்சம் பேர் நாடற்றவராயினர். 1949இல் வாக்காளர் இடாப்பிலிருந்தும் நீக்கப்பட்டனர். 1952ஆம் ஆண்டுத் தேர்தலின்பின் அந்த ஏழு ஆசனங்களில் ஒன்றேனும் அம்மக்களிடம் இருக்கவில்லை.

இந்தச் சட்டம் செல்வநாயகத்தைத் தொடவில்லை. அவர் ஈப்போவிற் பிறந்தவரேயாயினும் அவருடைய தந்தைவழி முன்னோர் யாழ்ப்பாணத்தார். வெளிநாட்டிற் பிறந்த தாம் பிரசையாகவும், கேகாலையிலும் இரத்தினபுரியிலும் பிறந்த தொழிலாளர் அந்நியராகவும் ஆவதை அவருடைய மனம் ஏற்கவில்லை. அவருடைய கட்சித் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் அவர்கள் அப்போது அரசாங்கத்தில் அமைச்சராகியிருந்தார். 1948 டிசம்பரில், இந்திய பாக்கிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டமூலம் வாக்கெடுப்புக்கு வந்தபோது, தலைவர் அதை ஆதரித்தார். செல்வநாயகம் எதிர்த்து வாக்களித்தார்.

அவருடைய தொகுதியிலே தோட்டத் தொழிலாளர் வாக்கு இல்லை. அந்த எதிர்ப்பினால் அவருக்கு ஒரு வாக்கும் கூடப் போவதில்லை. அப்படியிருந்தும் கட்சியை விட்டு வெளியேறி, கு. வன்னியசிங்கம், வைத்தியர் இ. மு. வி. நாகநாதன் ஆகியோருடன் சேர்ந்து 1949 டிசம்பர் 18ஆம் திகதி மருதானையில் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடக்கினார். 1952இல் தமது ஆசனத்தை இழந்தார். நான்கு ஆண்டுகள் காத்திருந்து 1956இல் அதனை மீட்டார்.

முன்யோசனை எங்கே நிகழ்கிறது?

இவ்வாறு நட்டத்தை முன்கூட்டியே கணித்து, கணித்த பின்னும் ஒன்றைத் தெரிவு செய்யும் ஆற்றல் மனிதனுக்கு எங்கிருந்து வருகிறது? மனச்சாட்சி இன்ன இடத்தில் இருக்கிறது என்று எந்த வைத்தியரும் விரல் வைத்துக் காட்ட முடியாது. ஆயினும் அது வேலை செய்வதற்குக் கருவியாக இருப்பது நெற்றிக்குப் பின்னால் உள்ள பெருமூளையின் முன்பகுதி என்பது தெரிந்த விடயம்.

வளர்ந்த மனிதனின் மூளை ஏறத்தாழ 1.4 கிலோ கிராம் நிறையுடையது. உடம்பின் நிறையிலே இது நூற்றுக்கு 2 பங்கு. ஆனால் நாம் உள்வாங்கும் ஒட்சிசனில் நூற்றுக்கு 20 பங்கை அதுவே செலவிடுகிறது. அதனுள்ளே ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக் கலங்கள் ஒன்றோடொன்று தொடர்பு கொண்டுள்ளன. இரத்த ஓட்டம் சில நிமிடங்கள் நின்றாலே இக்கலங்கள் மடியத் தொடங்கும்.

மூளையின் ஒவ்வொரு பகுதிக்கும் உரிய வேலைகள் உண்டு. பிடரிப் பக்கம் பார்வைக்கு உரியது. கீழே பின்புறமுள்ள சிறுமூளை நடையையும் சமநிலையையும் காக்கிறது. கழுத்தோடு சேரும் மூளைத்தண்டு மூச்சையும் இருதயத் துடிப்பையும் விழிப்பையும் நடத்துகிறது. இடப்பக்க மூளை வலக்கையையும் வலக்காலையும், வலப்பக்க மூளை இடக்கையையும் இடக்காலையும் ஆளுகின்றது. பெரும்பாலானோருக்குப் பேச்சு இடப்பக்க மூளையிலேயே அமைந்திருக்கிறது. 1861இல் போல் புரோக்கா என்னும் பிரெஞ்சு வைத்தியர், பேச்சிழந்து இறந்த ஒருவரின் மூளையைத் திறந்து பார்த்து, இடது முன்பகுதியிற் சேதத்தைக் கண்டார். பாரிசவாதம் வந்த சிலருக்கு வலப்பக்கம் விழும்போது பேச்சும் சேர்ந்து போவது இதனாலேயே.

முன்பகுதி சேதமுற்றால் நிகழ்வது வேறு. 1848இல் அமெரிக்காவிலே பினியாஸ் கேஜ் என்ற இருப்புப்பாதைத் தொழிலாளி கல்லுடைக்க வெடி வைக்கையில், ஓர் இரும்புக் கம்பி அவருடைய கன்னத்தால் நுழைந்து உச்சியால் வெளியேறியது. அவர் உயிர் பிழைத்தார், நடந்தார், பேசினார். ஆனால் பொறுப்பும் பொறுமையும் மிக்க அந்த மனிதர், விபத்தின்பின் முரடராக மாறிவிட்டார் என்று அவருக்குச் சிகிச்சை செய்த வைத்தியர் எழுதி வைத்தார். தலையில் அடிபட்டு மீண்ட ஒருவர் எதற்கெடுத்தாலும் சீறுவாராயின், அது அவருடைய கெட்ட குணமாக இராமற் காயத்தின் தழும்பாகவும் இருக்கலாம். இதை மனைவி மக்கள் அறிந்திருப்பது நன்று.

தப்பால் போகாத தோட்டம்

செல்வநாயகம் அவர்களின் நோய் முன்பகுதியில் தொடங்கும் நோய் அன்று. 1960களில் அவரைப் பீடித்திருந்தது பாக்கின்சன் நோய். நடுக்குவாதம் என்று தமிழில் வழங்குவது இதுவே. 1817ஆம் ஆண்டு ஜேம்ஸ் பாக்கின்சன் என்ற இலண்டன் வைத்தியர் இதனை விவரித்து எழுதியதால் அவர் பெயர் நிலைத்துவிட்டது.

மூளையின் நடுவே, இரு பக்கமும் கருநிறமான சிறு திட்டுகள் உள்ளன. அங்குள்ள கலங்கள் டோபமின் என்ற பொருளைச் சுரக்கின்றன. அசைவுகளை ஒழுங்கு செய்யும் ஆழ்பகுதிகளுக்கு அது செய்தி கொண்டு செல்கிறது. இந்நோயில் அக்கலங்கள் மெல்ல மெல்ல மடிகின்றன. பாதிக்கு மேல் மடிந்த பின்னரே அடையாளங்கள் வெளித் தெரிகின்றன.

நம் தோட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒபீஸிலே துரை இருக்கிறார், கணக்கப்பிள்ளை இருக்கிறார். மலையிலே ஆட்கள் நிற்கிறார்கள், கங்காணியும் நிற்கிறார். ஆனால் தப்பால்காரர் வரவில்லை. இன்றைக்கு எந்த மலை, எத்தனை பேர் என்ற துண்டு வந்து சேரவில்லை. ஒபீஸிலும் குறையில்லை, ஆட்களிலும் குறையில்லை. வேலை மாத்திரம் தொடங்கமாட்டாமல் தடுமாறுகிறது. நடுக்குவாத நோயாளியின் நிலை இதுவே. கையில் பலம் இருக்கிறது. சட்டைப் பொத்தானைப் போட அரை மணி நேரம் செல்கிறது. கால் இருக்கிறது, முதல் அடி எழும்ப மறுக்கிறது. முகத் தசைகள் அசையாமையால் சிரிப்பும் கோபமும் வெளியே தெரிவதில்லை. தொண்டையும் நெஞ்சும் ஒத்துழைக்காமையால் குரல் தாழ்கிறது. எழுத்துச் சிறுத்துவிடுகிறது. சும்மா மடியில் வைத்திருக்கும் கை நடுங்குகிறது.

உள்ளே சிந்தனை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. காலப்போக்கிற் சிலருக்கு நினைவும் தளர்வதுண்டு. மனச்சோர்வும் பலருக்கு வரும். ஆனால் பல நோயாளிகளுக்கு நீண்ட காலம் அறிவு தெளிவாகவே இருக்கிறது. செல்வநாயகம் அவர்களின் பிற்கால வாழ்வு இதற்குச் சான்று.

1961 பெப்ரவரியில் யாழ்ப்பாணக் கச்சேரியின் முன்னே சத்தியாக்கிரகம் தொடங்கியபோது அவருக்கு வயது 62. ஏறத்தாழ இரண்டு மாதங்களின்பின் அவசரகாலச் சட்டம் பிரகடனஞ் செய்யப்பட்டு, அவரும் தோழர்களும் பனாகொடை இராணுவ முகாமிலே தடுத்து வைக்கப்பட்டனர். 1957இல் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க அவர்களுடன் அவர் செய்த உடன்படிக்கை மறு ஆண்டே கைவிடப்பட்டிருந்தது. எனினும் 1965 மார்ச் 24ஆம் திகதி டட்லி சேனாநாயக்க அவர்களுடன் மீண்டும் ஓர் உடன்படிக்கையிற் கையொப்பமிட்டார். அதுவும் நிறைவேறவில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று நம் மக்களைக் கணக்கிட்டுப் பிரித்து, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்க்கலாம் என்று விட்டபோது, அம்மக்களின் விருப்பத்தைக் கேளாமற் செய்த பங்கீடு அது என்று அவருடைய கட்சி எதிர்த்தது. 1948இல் எடுத்த நிலையிலிருந்து அவர் நகரவில்லை. 1972இல் தமிழர் கூட்டணி அமைந்தபோது, முன்பு பிரிந்து சென்ற பொன்னம்பலம் அவர்களையும், மலையகத் தலைவர் சௌ. தொண்டமான் அவர்களையும் தம்முடன் ஒரே மேடையில் அமரச் செய்தார். அவருடைய அரசியல் முடிவுகளோடு உடன்படாதோர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். ஆயினும் நோயினால் அவர் சித்தம் கலங்கிவிட்டதென்று எவரும் கூறியதில்லை.

பூனைக்காலி விதையும் மாத்திரையும்

இந்நோய்க்கு இன்று மருந்து உண்டு. அதன் கதையில் நம் பக்கத்து மூலிகைகள் இரண்டு வருகின்றன. 1950களில் சுவீடன் நாட்டு விஞ்ஞானி அர்விட் கார்ல்சன், சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுக்கும் ஒரு மருந்தை முயல்களுக்குக் கொடுத்தார். டோபமின் வற்றிப்போய், முயல்கள் அசைவற்றுக் கிடந்தன. பின்பு லெவோடோபா என்ற பொருளைச் செலுத்தியதும் அவை எழுந்து ஓடின. டோபமினை நேரே கொடுத்தால் இரத்தத்திலிருந்து மூளைக்குள் அது புகாது. லெவோடோபா புகுந்து, உள்ளே டோபமினாக மாறிவிடும். 1960களின் பிற்பகுதியில் அது நோயாளிகளுக்குப் பயன்படத் தொடங்கியது. கார்ல்சன் 2000ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார்.

அந்த லெவோடோபா, வேலியோரம் படர்ந்து, தொட்டால் அரிக்கும் பூனைக்காலிக் காயின் விதையில் உள்ளது. 1937இலேயே சென்னையில் தாமோதரன், இராமசாமி என்ற இரு ஆய்வாளர் அதனைப் பிரித்தெடுத்திருந்தனர். இதைக் கேட்டுவிட்டு எவரும் விதையை இடித்துக் குடிக்க வேண்டாம். அளவு மிகுந்தால் வாந்தியும் மனக் குழப்பமும் உண்டாகும். வைத்தியர் அளந்து கொடுக்கும் மாத்திரையே பாதுகாப்பு. அம்மாத்திரை இறந்த கலங்களை எழுப்பாது. ஆனால் பல ஆண்டுகள் எழுந்து நடமாட உதவும். மாத்திரையைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து.

நோய் ஏன் வருகிறது என்பதற்குப் பெரும்பாலானோரிடத்தில் ஒற்றைக் காரணம் சொல்ல இயலாது. இது தொற்றாது. செய்வினையும் அன்று. சில பூச்சிகொல்லி, களைகொல்லி மருந்துகளுடன் நெடுங்காலம் பழகியோருக்கு இந்நோய் வரும் வாய்ப்புக் கூடுகிறதென ஆய்வுகள் காட்டியுள்ளன. அவற்றுள் ஒன்றான பரகுவாட், தோட்டங்களிற் புல்லுக்கு அடித்த மருந்து. 2008 முதல் 2011 வரையான ஆண்டுகளில் அது நம் நாட்டிற் படிப்படியாக நிறுத்தப்பட்டது. இன்றும் மருந்து அடிக்கும் சகோதரர்கள் கையுறையும் முகக்கவசமும் இன்றி மலைக்குப் போகலாகாது.

கடைசி வீழ்ச்சி

நடுக்குவாதம் உள்ளவர்களுக்கு மிகப் பெரிய ஆபத்து விழுவது. சாதாரண மனிதர் கால் இடறினால், சிந்திக்கும் முன்னரே கை முன்னால் நீண்டு உடம்பைத் தாங்கிவிடும். அந்தக் கை அவர்களுக்கு நேரத்துக்கு நீளுவதில்லை. 1977 மார்ச் மாத இறுதியிலே செல்வநாயகம் அவர்கள் தமது வீட்டில் விழுந்தார். தலையிலே பலத்த அடி. உணர்விழந்து, ஏறத்தாழ ஒரு மாதம் கிடந்து, ஏப்ரல் 26ஆம் திகதி உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 79. பல்லாண்டு நோய் செய்ய முடியாததை ஒரு கணத்து வீழ்ச்சி செய்து முடித்தது.

தலையில் அடிபடும்போது உள்ளே நடப்பதை நாம் அறிந்திருக்க வேண்டும். மண்டையோடு மூடிய பெட்டி போன்றது. அதனுள்ளே மூளை ஒரு நீரிலே மிதக்கிறது. அடி பட்டதும் மூளை ஒரு பக்கம் மோதி, மறு பக்கமும் மோதும். இரத்தக் குழாய் அறுந்தால் இரத்தம் பெட்டிக்குள்ளேயே தேங்கும். கையிலோ காலிலோ என்றால் வீங்குவதற்கு இடமுண்டு. மண்டைக்குள் இடமில்லை. தேங்கிய இரத்தம் மூளையை நெருக்கி, கடைசியில் மூளைத்தண்டையும் அழுத்தும். அப்போது விழிப்பும் மூச்சும் நிற்கும்.

வெளிக்காயத்தைக் கொண்டு உட்காயத்தை அளக்க முடியாது. 1956 ஜூன் 5ஆம் திகதி, சிங்களம் மட்டும் சட்டத்துக்கு எதிராகக் காலிமுகத் திடலிலே செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சியினர் சத்தியாக்கிரகம் இருந்தபோது காடையர் தாக்கினர். அ. அமிர்தலிங்கம் அவர்களின் தலையிலே காயம். கட்டுப் போட்ட தலையுடன் அவர் அன்று பாராளுமன்றத்துள் சென்றார்; குணமடைந்து அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசியலில் இருந்தார். தலைத்தோலில் இரத்தக் குழாய்கள் மிகுதி. சிறு காயமும் பெருக இரத்தம் சிந்தும். மறுபுறம், வெளியே ஒரு சொட்டு இரத்தமும் இன்றி உள்ளே இரத்தம் தேங்கி உயிர் போவதும் உண்டு. வயதானவர்களுக்கு மூளை சற்றுச் சுருங்கியிருப்பதால், அதன் மேலுள்ள குழாய்கள் இழுபட்டு எளிதில் அறும். அந்த இரத்தம் மெதுவாகத் தேங்கி, சில வாரங்கள் சென்ற பின்னரும் தலைவலியாகவும் தடுமாற்றமாகவும் வெளிப்படலாம்.

நம் வாசலில் நடப்பவை

இரத்தினபுரியிலும் கேகாலையிலும் இவை அன்றாடக் காட்சிகள். விடியற்காலையிற் பால் வெட்டப் போனவர் மழை ஈரச் சரிவிலே வழுக்கி விழுகிறார். பலாக்காய் பறிக்க ஏறிய பையன் கிளை முறிந்து விழுகிறான். மாணிக்கக் குழியில் இறங்கியவரின் தலையிலே கல் விழுகிறது. தலைக்கவசம் இன்றி மோட்டார் சைக்கிளில் மூவராகப் போகிறவர்கள் வளைவிலே சறுக்குகிறார்கள். சம்பள நாளிரவு தவறணையிலிருந்து திரும்பியவர் லயத்துப் படியிலே தலையடிபட விழுகிறார்.

கடைசியிற் சொன்னதே மிகக் கொடியது. குடித்திருக்கிறார், தூங்கட்டும், காலையில் எழும்புவார் என்று போர்வை போர்த்தி விடுகிறோம். குறட்டை விடுகிறார் என்று நிம்மதியடைகிறோம். அந்தக் குறட்டை மூளை நெருக்கப்படும் ஓசையாக இருக்கலாம். மது வாடையும் தலைக்காயமும் ஒன்றாக இருந்தால், காயத்தையே முதலிற் கருத வேண்டும்.

அடிபட்டவர் சிறிது நேரமேனும் உணர்விழந்தாரா? திரும்பத் திரும்ப வாந்தி எடுக்கிறாரா? தலைவலி கூடிக்கொண்டே போகிறதா? எழுப்பினால் எழும்பாத தூக்கமா? பேச்சுக் குழறுகிறதா? ஒரு கை அல்லது கால் சோர்கிறதா? வலிப்பு வந்ததா? கண்மணிகள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக உள்ளனவா? காதிலோ மூக்கிலோ இரத்தம் அல்லது தெளிந்த நீர் வடிகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றிரவே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். தோட்டத்து மருந்துச்சாலையில் ஒரு பெனடோல் வாங்கி விடியும்வரை காத்திருத்தல் ஆகாது. 2016இல் தொடங்கிய சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவையை 1990 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். அது வருமளவும் கழுத்தை அசைக்காமல் வைத்திருங்கள். காயத்திலே கோப்பித்தூள் அப்ப வேண்டாம். சுத்தமான துணியால் மெதுவாக அழுத்திப் பிடியுங்கள். மயக்கத்தில் இருப்பவரின் வாயிலே தண்ணீரோ தேநீரோ ஊற்ற வேண்டாம்.

1950களில் வைத்தியர் ஷெல்டன் கப்ரால் அவர்கள் கொழும்புப் பொது வைத்தியசாலையிலே மூளை அறுவைச் சிகிச்சையைத் தொடக்கி வைத்தார். அதற்கு முன்னர் இதற்கெனப் பயிற்சி பெற்ற அறுவை வைத்தியர் இந்நாட்டில் இருக்கவில்லை. இன்று தேங்கிய இரத்தத்தைப் படமெடுத்துக் கண்டு, மண்டையோட்டைத் துளைத்து அகற்றும் வசதி உண்டு. ஆயினும் அது பயன்படுவது நேரத்தோடு போய்ச் சேர்ந்தவர்களுக்கே.

நமது கடன்

யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் அருகே தந்தை செல்வாவின் நினைவுத் தூபி உயர்ந்து நிற்கிறது. அவர் 1948இல் எதிர்த்து வாக்களித்த அநீதி தீரும் முன்னரே அவர் மறைந்தார். 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் வந்த பின்னரே நாடற்றவர் என்ற பெயர் நம் மக்களை விட்டு நீங்கியது. இன்று நாம் அடையாள அட்டையை நீட்டி வாக்களிக்கும்போது, அதற்காக ஆசனத்தையும் தோழமையையும் இழந்த ஒருவர் வடக்கிலே இருந்தார் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

அவருடைய நடுங்கும் கையைப் பார்த்து அம்மக்கள் அவரை ஒதுக்கவில்லை. கேட்காத குரலைக் கேட்க அருகிற் சென்றார்கள். நம் வீட்டு வாசலிலே உட்கார்ந்திருக்கும் பாட்டனாருக்கும் நாம் அவ்வாறே செய்ய வேண்டும். நரம்பியல் கிளினிக்குக்கு அவரை ஒரு முறை கூட்டிச் செல்லுங்கள். படியிலே பிடித்துக்கொள்ள ஒரு மூங்கில் கம்பைக் கட்டிவிடுங்கள். கக்கூசுக்குப் போகும் வழியில் இரவிலே ஒரு விளக்கு எரியட்டும். வழுக்கும் பாசியைச் சுரண்டிவிடுங்கள். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது அவருடைய யோசனையையும் கேளுங்கள். பதில் வரச் சற்றுத் தாமதமாகும். காதைக் கிட்ட வைத்துக் காத்திருங்கள்.